கூரையிலிருந்து தெரிந்த புகை

கரண்ட் நின்றுபோய் இரண்டு வருடத்துக்கு மேலாகிவிட்டது. இனித் தன்னுடைய தொழிலுக்கென்று ஒருவர் தன்னைத் தேடி வருவார் என்று கனகலிங்கம் நினைத்திருக்கவில்லை. மின்கம்பங்களில் ஏறிப் பிழைத்தவன் அவன். இப்போது சனங்கள் அந்தக் கம்பங்களில் ஆடு கட்டினார்கள். கம்பிகளை அறுத்துக்கொண்டு போய் உடுப்புக் காயப்போடக் கொடி கட்டினார்கள். அவன் ஏழாலையில் ஒருவருடைய வெங்காயத் தோட்டத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தான். அதே தோட்டத்தின் மூலையில் கிடுகால் வேய்ந்த கொட்டிலொன்றில் அவனும் மனைவி பத்மாசினியும் இருந்தார்கள். கட்டுவனில் இருந்த அவர்களுடைய கல்வீடு ஆமிக்காரர் பிடித்த பக்கத்துக்குள் போய்விட்டது.

புரட்டாதி மாதத்துக் காலையொன்றில் சூசையப்பர் மடத்துச் சிஸ்டர் யசிந்தா வரம்பு வழியே சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். யாருமில்லாத வயோதிபர்களை வைத்துப் பார்க்கிற மடம் அது. சண்டை தொடங்கிய பிறகு அங்கே கட்டிலுக்கு இடமில்லாமல் விறாந்தையிலும் பாய் போட்டிருந்தார்கள்.

"கனகலிங்கம், எங்கடை மடத்துக்குச் சோலர் தகடு வந்திருக்கு. வெளிநாட்டிலை ஒரு சபை அனுப்பினது. கப்பலிலை வந்து, பெர்மிட்டுக்கு அலைஞ்சு, ஒரு மாதிரிக் கையிலை கிடைச்சிட்டுது. பூட்டத்தான் ஆளில்லை."

"சிஸ்டர், நான் உந்தச் சாமானைக் கண்ணாலையும் கண்டதில்லை."

"நானும்தான் காணேல்லை. எங்கையிருந்து வந்தாலும் கரண்ட் கரண்ட்தானே?"

கனகலிங்கம் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுச் சிரித்தான். சிஸ்டர் சிரிக்கவில்லை.

"பொழுது பட்டாப் பிறகு என்ரை சனங்கள் பாத்ரூமுக்குப் போக வழியில்லை. மண்ணெண்ணெய் கிடைக்கிற விலையிலை ஜாம் போத்தல் விளக்குக் கூட எல்லா அறைக்கும் வைக்க ஏலாது. விழுந்து இடுப்பு முறிஞ்சதுகள் ரெண்டு, போன மாசம் அப்பிடியே கண்ணை மூடிட்டுதுகள். வாங்கோ. பார்ப்பம்."

அவன் போனான்.

மடம் தோட்டங்களுக்கு நடுவில் நின்ற மாடிக் கட்டடம். மேல்மாடிக்கு மேலே தட்டையான கொங்கிறீற்றுக் கூரை. அதற்குப் படி கிடையாது. பின்பக்கச் சுவரில் சாத்திய ஏணிதான். தகடுகளை நிறுத்தச் சட்டம் வேண்டுமென்றால் இரும்புக்கு எங்கே போவது? மடத்துத் தச்சன் செபநாயகம் பனை மரம் அறுத்த சிலாகையில் சட்டம் இழைத்துத் தருவதாகச் சொன்னான். மடத்தில் யாராவது கண்ணை மூடினால் பெட்டி அடிப்பவனும் அவன்தான். இரண்டு வேலையும் ஒரே பட்டறையில்தான் நடந்தது. சிலாகைத் துண்டில் மிச்சம் வந்தால் அதை எதற்கு எடுத்து வைக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை.

சிஸ்டருக்கு ஒரு பயம் மட்டும் இருந்தது. கண்ணாடி வெயிலில் மினுங்கும். ஹெலிக்காரன் என்னவோ ஏதோவென்று நினைத்துச் சுட்டால் என்ன செய்வது? அதற்குக் கனகலிங்கம் பிறகு ஒரு வழி பண்ணினான். சாக்குகளைத் தார்ப்பாய்போலப் பெரிய படங்காகத் தைத்து, ஒரு கயிற்றை இழுத்தால் அது தகடுகளின் மேல் வந்து மூடும்படி செய்தான். கயிற்றின் நுனி குசினி வாசல்வரை தொங்கியது. இரைச்சல் கேட்டால் யாரும் ஓடிவந்து இழுக்கலாம்.

அவன் முதன்முதலாகக் கூரையில் ஏறியது, வெயில் ஏறமுன் கொங்கிறீற்றில் துளை போட்டுவிடலாம் என்று விடிய வெள்ளனத்தான். உளியும் சுத்தியலும்தான் ஆயுதம். கொஞ்ச நேரம் அடித்துவிட்டுக் கை உளைய நிமிர்ந்தான். வடக்கே பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டான்.

நிலத்திலிருந்து பார்த்தால் பனைகள்தான் தெரியும். இந்த உயரத்திலிருந்து பனைகளுக்கு அப்பாலும் தெரிந்தது. சிவப்பு மண், யாரும் கொத்தாத தோட்டங்கள், அவற்றுக்கும் அப்பால் ஆளில்லாத ஊர்கள். முடி உடைந்த ஒரு கோபுரம். அது கட்டுவன் அம்மன் கோயில். அதற்கு இடப்பக்கம் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்தபடி இரண்டு தென்னைகள். அவை அவனுடைய கிணற்றடியில் நிற்கிறவை. இரண்டு வருடமாக அவன் அவற்றைக் கண்டதில்லை.

அந்தத் தென்னைகளுக்கு நடுவில் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"செபநாயகம், இஞ்சை ஒருக்கா வா. உதிலை என்ன தெரியுது?"

"எதிலை அண்ணை?"

"கோபுரத்துக்கு இடப்பக்கம். ரெண்டு தென்னை சாய்ஞ்சு நிக்குது. அதுக்கு நடுவிலை."

செபநாயகம் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு பார்த்தான். "புகை. ஆமிக்காரன் என்னவும் கொளுத்திறானாக்கும்."

"குப்பை கொளுத்தினா உப்பிடி வராது. இது உலைப் புகை."

"உங்களுக்கு விசரண்ணை. ரெண்டு மைல் துலையிலை நிண்டுகொண்டு உலைப் புகையோ சுருட்டுப் புகையோ எண்டு ஆராலை சொல்ல ஏலும்?"

"அது என்ரை வீடு."

செபநாயகம் கையிலிருந்த சிலாகையைக் கீழே வைத்தான். குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அண்ணை, காத்து உங்கை அடிக்கேல்லையோ?"

அப்போதுதான் கனகலிங்கம் அதைக் கவனித்தான். சோளகக் காற்று இன்னும் ஓயவில்லை. கூரையில் நின்ற அவர்களுடைய சாரம் காலோடு ஒட்டி அடித்தது. மைல்கணக்காக நின்ற பனைகளெல்லாம் ஓலையை ஒரே பக்கமாகச் சரித்துக்கொண்டு நின்றன. அந்தப் புகை மட்டும் தூக்குக் குண்டு விட்டதுபோல நேராக நின்றது.

கனகலிங்கத்துக்கு அந்த வீட்டில் மிஞ்சியிருந்தது மாமியார் சிவக்கொழுந்து ஒருத்திதான். ஊர் முழுக்க எழும்பி ஓடிய அன்று அவள் வரமாட்டேன் என்றுவிட்டாள். தொழுவத்தில் பசு கண்டு போடுகிற வேளை. "நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ. நான் மாட்டையும் கண்டையும் கொண்டு பிறகாலை வாறன். இந்தக் கட்டத்திலை அதைத் தனிய விட்டிட்டு வந்தா அந்தப் பாவம் என்னைச் சும்மா விடாது" என்றாள். கனகலிங்கம் மனைவியைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு புன்னாலைக்கட்டுவன் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தான். பாதை அடைபட்டுவிட்டது.

பிறகு, களவாகத் தேங்காய் பிடுங்கப் போய்வந்த ஒருவன் சொன்னான்: வீட்டில் ஷெல் விழுந்திருக்கிறது, ஆளரவம் இல்லை. ஒரு வருடம் பார்த்தார்கள். சொந்தக்காரர்கள் கூடிப் பேசி, இனியும் ஆத்துமாவை அந்தரத்தில் விடக்கூடாது என்றார்கள். தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் செய்து, அதைச் சிவக்கொழுந்து என்று வைத்து, ஆண்பிள்ளை இல்லாதபடியால் மருமகன் கனகலிங்கம் கொள்ளி வைத்தான். தர்ப்பை நிமிடத்தில் பற்றி எரிந்து முடிந்துவிட்டது. பத்மாசினி அதைப் பார்த்துக்கொண்டு வெறுமனே நின்றாள். புல்லு எரியிறதைப் பார்த்து எப்பிடி அழுறது என்று பிறகு கேட்டாள்.

அவளுக்கு இந்தப் புகையைப்பற்றி என்ன சொல்வது? கனகலிங்கம் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் விடியக் கூரைக்குப் போனான். ஒவ்வொரு நாளும் புகை வந்தது. வெயில் ஏறுகிற நேரம் போய்விடும். துளைகள் போட்டு முடிந்தன. பழைய பஸ் ஒன்றிலிருந்து கழற்றிய ஆணிகளால் சட்டத்தை இறுக்கினான். தகடுகள் தெற்குப் பக்கம் சரிந்து இருக்க வேண்டுமென்று சாமானோடு வந்த படத்தில் போட்டிருந்தது. அதற்காக அவன் வடக்குப் பக்கம் முகம் வைத்துத்தான் வேலை செய்யவேண்டியிருந்தது.

"என்ன, சாப்பாடு இறங்குதில்லையோ?" என்று பத்மாசினி ஒரு பின்னேரம் கேட்டாள். "உந்த வேலைக்குப் போன நாள் தொடக்கம் ஒரு மாதிரித்தான் இருக்கிறியள்."

"வெயில்."

"வெங்காயத் தோட்டத்திலையும் வெயில்தானே எறிச்சது."

அவன் எழும்பிக் கை கழுவப் போனான்.

விஷயத்தை உடைத்தது செபநாயகம்தான். ஒருநாள் மத்தியானம் பத்மாசினி குரக்கன் புட்டும் முருங்கையிலை வறையும் கட்டிக்கொண்டு மடத்துக்கு வந்தாள். செபநாயகம் பட்டறை வாசலில் இருந்து புட்டை வாங்கிக்கொண்டு, சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டான்.

"அக்கா, உங்கடை கட்டுவன் வீட்டிலை இப்ப ஆர் இருக்கினம்?"

"அங்கை ஆர் இருக்கிறது?"

"இல்லை... விடியிற நேரம் அடுப்பு எரியுது. அண்ணை சொல்லேல்லையோ?"

பத்மாசினி பாத்திரத்தை வாங்குப் பலகையில் வைத்தாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே போய் ஏணியில் ஏறினாள். கூரையில் வயர் இழுத்துக்கொண்டிருந்த கனகலிங்கம், கைப்பிடிச் சுவருக்கு மேலாக அவளுடைய தலை எழும்புவதைக் கண்டு திடுக்கிட்டான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. வடக்கே பார்த்தாள். கானல் அலையாடியது. புகை ஒன்றுமில்லை.

"கோயில். எங்கடை தென்னை," என்றாள் மெதுவாக. "ஓடு தெரியேல்லை."

"பத்மா..."

"எத்தினை நாளாத் தெரியும் உங்களுக்கு?"

அவன் வயரைச் சுருட்டிக்கொண்டு நின்றான்.

அடுத்தநாள் விடிய இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். பனி விழுந்து கொங்கிறீற்று ஈரமாயிருந்தது. கிழக்கு வெளுக்கத் தொடங்கியதும் தென்னைகளுக்கு நடுவில் ஒரு வெள்ளைக் கீறு தெரிந்தது. பத்மாசினி கனகலிங்கத்தின் கையைப் பிடித்தாள். அவளுடைய கை குளிர்ந்திருந்தது.

"பன்னாடை," என்றாள். "அம்மா தென்னம் பன்னாடை வைச்சுத்தான் அடுப்பு மூட்டுவா. அதுதான் முதல் வெள்ளையாய் வருது."

புகை தடித்தது. பிறகு மெலிந்து நீலமானது.

"இப்ப விறகு பிடிச்சிட்டுது."

அவர்கள் நின்றார்கள். கீழே மடத்துக் கிழவிகள் செபம் சொல்லுகிற சத்தம் ஏறி வந்தது. புகை அசையாமல் நின்றது.

"உலை கொதிச்சிட்டுது," என்றாள் பத்மாசினி. "இனிக் கொள்ளியை இழுத்துத் தண்ணி தெளிப்பா. பாருங்கோ."

நீலம் நின்றது. ஒரு சின்ன வெள்ளைத் திரள் குப்பென்று எழும்பிக் கலைந்தது. அதன் பிறகு அங்கே வானம் மட்டும்தான்.

கனகலிங்கம் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவளுடைய முகத்தில் பயம் இல்லை. இரண்டு வருடத்துக்குப் பிறகு அவளுடைய முகம் தெளிந்திருந்தது. அதைப் பார்க்கத்தான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நான் போறன்," என்றாள்.

"எங்கை?"

"அம்மாட்டை."

"விசரே உனக்கு? வழி முழுக்க மிதிவெடி."

"தேங்காய் புடுங்கப் போறவங்கள் போய் வரேல்லையோ?"

"போனவங்களிலை எத்தினை பேர் காலோடை வந்தவங்கள்? சொல்லு பாப்பம்."

"உங்களுக்கென்ன. கொள்ளி வைச்சு முடிச்சுப்போட்டியள். உங்கடை கடமை தீர்ந்துது."

"அப்பிடிக் கதையாதை பத்மா."

"வேறை எப்பிடிக் கதைக்க? அவ அங்கை தனியக் குந்தியிருந்து சோறாக்கிறா. நாங்கள் இஞ்சை அவவுக்குப் பிண்டம் போட்டுத் திவசம் குடுத்தனாங்கள். அம்மாவுக்கு இது தெரிஞ்சா என்ன நினைப்பா?"

சத்தம் கேட்டுச் சிஸ்டர் யசிந்தா ஏணியடிக்கு வந்துவிட்டார். இருவரையும் இறங்கச் சொல்லி, பால் விடாத பிளேன்ரீயும் பனங்கட்டித் துண்டும் கொடுத்து, குசினி வாங்கில் இருத்தி எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு வெகுநேரம் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

"செஞ்சிலுவைக்காரர் முந்தியும் அங்காலைப் பக்கம் போய், விடுபட்ட வயசுபோனதுகளை ஏத்திக்கொண்டு வந்திருக்கினம்," என்றார். "எங்கடை மடத்திலைதான் கொண்டு வந்து விட்டவை. நான் போய்ச் சொல்லுறன். ரெண்டு பக்கத்தாரிட்டையும் கேட்டுத்தான் அவையும் போக வேணும், சுணங்கும். அதுமட்டும் நீர் அந்தப் பக்கம் ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது பத்மாசினி. எனக்கு வாக்குத் தாரும்."

பத்மாசினி தலையாட்டினாள். அதன் பிறகு அவள் கொட்டிலுக்குப் போனது படுக்க மட்டும்தான். விடியக் கூரையில் நிற்பாள். புகை அடங்கியதும் இறங்கி மடத்துக் குசினியில் மரக்கறி வெட்டுவாள், கிழவிகளுக்குச் சீப்பால் தலை இழுத்துவிடுவாள். கனகலிங்கம் வேலையை முடித்தான். பற்றரிகளை மாடிப்படிக்குக் கீழே அடுக்கி, பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணியை வடிகட்டி ஊற்றினான். கைவிடப்பட்ட கம்பங்களிலிருந்து தானே கழற்றி வந்த வயர்களை அறைகளுக்கு இழுத்தான்.

லைற் முதலில் எரிந்த அன்று பின்னேரம் மடமே விறாந்தையில் கூடியது. கனகலிங்கம் சுவிச்சைப் போட்டான். குழல் விளக்கு இரண்டு தரம் கண் சிமிட்டிவிட்டுப் பிடித்தது. கிழவிகள் கோயிலில் கர்ப்பூரம் காட்டினதுபோலக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒருத்தி விம்மினாள். மூலையில் கிடந்த ஒரு கிழவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "உந்த விளக்கை நூத்துவிடு தம்பி. இதுகளின்ரை முகத்தைப் பார்க்க ஏலாமல் கிடக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பத்மாசினியும் சிரித்தாள். அம்மா வந்தால் இந்த விளக்குக்குக் கீழே பாய் போட்டுக் கொடுக்கலாம் என்று கனகலிங்கத்திடம் சொன்னாள்.

வெள்ளைக் கொடி கட்டிய செஞ்சிலுவை வாகனம் ஒரு பின்னேரப்பொழுதில் வந்தது. சத்தம் கேட்டதும் பத்மாசினி குசினியிலிருந்து ஓடினாள். கையிலிருந்த கத்தரிக்காய் வழியெல்லாம் சிந்தியது. பின்கதவைத் திறந்து இரண்டு பேர் ஒரு கிழவியைத் தாங்கி இறக்கினார்கள்.

பத்மாசினி வாகனத்துக்குள் எட்டிப் பார்த்தாள். வேறு யாருமில்லை. திரும்பக் கிழவியைப் பார்த்தாள்.

"இது எங்கடை அம்மா இல்லை," என்றாள்.

கிழவிக்குப் பெயர் சின்னாச்சி. மயிலிட்டிக் கடற்கரைப் பக்கம். சனம் எழும்பின அன்று காய்ச்சலோடு கிடந்தவளை எப்படியோ விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தட்டித் தடவி நடந்து, வீடு வீடாக மாறி, கடைசியில் கோயிலடியில் ஒரு வீட்டில் ஒதுங்கினாளாம். இரண்டு தென்னை சாய்ந்து நிற்கிற வீடு.

அதைக் கேட்டுக் கனகலிங்கம் மூச்சு விட்டான். புகைக்குக் காரணம் தெரிந்துவிட்டது. பாவம், மனைவிக்குத்தான் பெரிய ஏமாற்றம். ஆனாலும் ஒரு நெருடல் தீர்ந்தது.

சிஸ்டர் கிழவியைக் குளிப்பாட்டி வெள்ளைச் சேலை உடுத்தி விளக்குக்குக் கீழே இருத்தினார். பத்மாசினி பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"எணை ஆச்சி, அந்த வீட்டிலை நீங்கள்தானே விடிய அடுப்பு மூட்டினது?"

"நானோ?" சின்னாச்சி பயந்தவள்போலச் சுற்றிலும் பார்த்தாள். "நான் நெருப்பைத் தொடவேயில்லைப் பிள்ளை. புகை கண்டா ஆமிக்காரன் வந்திடுவான் எண்டு நடுங்கிக்கொண்டல்லோ கிடந்தனான். மூட்டுறது வீட்டுக்காரி."

விறாந்தையில் யாரோ இருமினார்கள். கனகலிங்கம் கிட்ட வந்தான்.

"எந்த வீட்டுக்காரி?"

"அந்த வீட்டுக்காரிதான். நல்ல மனிசி. விடியச் சோறாக்கி வைச்சிட்டுப் போயிடுவா. நான் போய்ப் போட்டுத் தின்னுவன். தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டுப் பிசைஞ்சிருக்கும்."

"அரிசி எங்காலை?"

"எனக்கென்ன தெரியும்? அது அவவின்ரை வீடு. அவவின்ரை அலுவல்."

பத்மாசினியின் குரல் மெல்லியதாகிவிட்டது. "ஆள் எப்பிடி இருப்பா?"

"முகத்தைக் காணேல்லை மோனை. எப்ப பார்த்தாலும் முதுகுதான். அடுப்புக்கு நேரே குந்தியிருப்பா, தலைமயிரைக் கோடாலி முடிச்சுப் போட்டுக்கொண்டு. ஒருநாளும் என்னோடை ஒரு சொல்லுக் கதைச்சதில்லை. கேளாமல் வந்து குந்தினவள்தானே, என்னிலை கோவமாக்கும் எண்டு நானும் விட்டிட்டன்."

"வரேக்கை அவவையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமேயணை!"

"சொன்னனான் பிள்ளை! வந்த வெள்ளைக்காரனிட்டைக் கையைக் காட்டிச் சொன்னனான், உள்ளுக்கை வீட்டுக்காரி நிக்கிறா, அவவையும் ஏத்து எண்டு. அவன் போய்ப் பார்த்திட்டு வந்து இல்லையெண்டு கையை விரிக்கிறான். வாகனம் வெளிக்கிடேக்கை திரும்பிப் பார்த்தனான். வாசல் படலையடியிலை நிண்டவ. அப்பவும் அங்காலை திரும்பித்தான் நிண்டவ."

சிஸ்டர் யசிந்தா கணவன் மனைவி இருவரையும் மெதுவாக எழுப்பி அறைக்குள் அழைத்துப் போனார். வாகனத்தில் வந்தவர்கள் சொன்னதைச் சொல்வதா விடுவதா என்று அவருக்கே தெரியவில்லை. கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னார்.

"அவை வீடு முழுக்கத் தேடிப் பார்த்தவை. ஆரும் இல்லை. தொழுவத்திலை மாட்டின்ரை எலும்பு கிடந்ததாம். குசினியிலைதான் ஷெல் விழுந்திருக்கு. கூரை அப்பிடியே இறங்கிப்போச்சு. அடுப்புக் கல்லுக்கு நடுவிலை பப்பாசி ஒண்டு முளைச்சு ஆளுயரத்துக்கு நிக்குதாம்."

"அப்ப அடுப்பு?" என்றான் கனகலிங்கம்.

"அந்த அடுப்பு எரிஞ்சு ரெண்டு மழைக்காலம் போயிருக்கும் எண்டு சொல்லுகினம்."

"இடிஞ்ச ஓட்டுக்குக் கீழை பார்த்தவையோ?"

சிஸ்டர் தலையைக் குனிந்தார். "கிளறேல்லை. மிதிவெடிக்குப் பயம்."

பிறகு சிஸ்டரே தனக்குச் சொல்வதுபோல, "அவையோடை வந்த டொக்டர் இந்தக் கிழவியைச் சோதிச்சுப் பார்த்திட்டு ஆச்சரியப்படுகிறார். ரெண்டு வருசம் தனியக் கிடந்த ஆளின்ரை உடம்பில்லையாம். நாள்தோறும் சோறு திண்ட உடம்பாம்," என்றார்.

அன்று இரவு சின்னாச்சி ஒன்றும் சாப்பிடவில்லை. கஞ்சி கொடுத்தார்கள், பாண் தோய்த்துக் கொடுத்தார்கள். வாயை இறுக மூடிக்கொண்டாள். "வீட்டுக்காரி தரட்டும்" என்பதுதான் அவளுடைய பதில். விளக்கை மறைத்துக் கொஞ்சம் தள்ளி இருத்துங்கோ, இந்த வெளிச்சத்துக்கு அவ வரமாட்டா என்றும் சொன்னாள்.

விடியமுன் கனகலிங்கமும் பத்மாசினியும் கூரையில் நின்றார்கள். செபநாயகமும் கூப்பிடாமலே வந்து பின்னால் நின்றான். சோளகம் விழுந்துவிட்டிருந்தது, ஒரு ஓலைகூட ஆடவில்லை. கிழக்கு வெளுத்தது. கோபுரம் தெரிந்தது. தென்னைகள் தெரிந்தன.

நடுவில் ஒன்றுமில்லை.

பத்மாசினி இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய உதடுகள் அசைந்தன. பன்னாடையை வை, வை என்று தாயைத் தூண்டுவதுபோலக் கனகலிங்கத்துக்குத் தோன்றியது. வெயில் வந்தது. தகடுகளில் வெளிச்சம் ஏறி அவர்களுடைய முகத்தில் அடித்தது. கட்டுவன் பக்கத்து வானம் துடைத்து விட்டதுபோல் கிடந்தது.

"இனி வராது," என்றாள் பத்மாசினி. "ஆருக்கெண்டு ஆக்கிறது? சாப்பிட வந்த ஆளை நாங்கள் இஞ்சாலை கொண்டந்திட்டம்."

சொல்லிவிட்டு அவள் அப்படியே கொங்கிறீற்றில் குந்தினாள். பிறகு அழத் தொடங்கினாள். செத்த வீட்டில் பெண்கள் அழுகிற அழுகை அது. நெஞ்சில் அடித்து, தாயின் பெயரைச் சொல்லி, அவள் சமைத்த கறிகளைச் சொல்லி, கண்டு போட இருந்த மாட்டைச் சொல்லி அழுதாள். செபநாயகம் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். கீழே கிழவிகளின் செபம் நின்றது. யாருக்கு என்று தெரியாமலே அவர்களில் சிலர் ஒத்தழத் தொடங்கினார்கள். கனகலிங்கமும் அழுதான். தர்ப்பை எரிந்த அன்று வராத அழுகை, மாமி என்று வாய்விட்டு வந்தது.

அழுது ஓய்ந்ததும் பத்மாசினி இறங்கிப்போய்க் கிணற்றடியில் தலையில் தண்ணீர் வார்த்தாள், செத்த வீட்டுத் துடக்குக்கு முழுகுவதுபோல. ஈரமயிரை முடிந்துகொண்டு மடத்துக் குசினிக்குள் போனாள். அங்கே நின்ற பெண்ணை விலகச் சொல்லிவிட்டு அடுப்பின் முன் குந்தினாள். அரிசி களைந்து போட்டாள். தேங்காய் துருவினாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

சோறு வடித்து நிமிர்த்துகிற நேரம், விறாந்தைப் பக்கமிருந்து கால் இழுபடுகிற சத்தம் கேட்டது. சின்னாச்சி சுவரைப் பிடித்துப் பிடித்துத் தானாகவே நடந்து வந்தாள். குசினி வாசலில் நின்று பத்மாசினியின் முதுகைப் பார்த்தாள். அவளுடைய முகம் ஆறியது. வழக்கமான இடத்தில் இருக்கிறவள்போல நிலையோரமாகக் கீழே குந்தினாள்.

கிணற்றடியில் நின்ற கனகலிங்கத்துக்கு இரண்டு பேரும் தெரிந்தார்கள். அவனுக்கு உள்ளே போகக் கால் வரவில்லை.

பத்மாசினி கோப்பையில் சோற்றைப் போட்டு, தேங்காய்ப்பூவும் உப்பும் பிசைந்தாள். பிறகு, முழங்காலில் கையை ஊன்றி முழுவதுமாகத் திரும்பினாள். கோப்பையைக் கிழவியின் முன்னால் வைத்தாள்.

"எணை ஆச்சி, சாப்பிடுங்கோ."

சின்னாச்சி கோப்பையைப் பார்க்கவில்லை. பத்மாசினியின் முகத்தையே வாய் திறந்தபடி பார்த்தாள். நெற்றியை, அழுது வீங்கிய கண்களை, கன்னத்தில் வடிந்துகொண்டிருந்த தண்ணீரை எல்லாம் பார்த்தாள்.

"நீ கதைப்பியோ?" என்றாள்.

"ஓமணை, கதைப்பன்."

"அப்ப ஏன் மோனை இவ்வளவு நாளும் வாயைத் திறக்கேல்லை?"

பத்மாசினி கிழவிக்குப் பக்கத்தில் குந்தி, முதல் பிடிச் சோற்றைத் தானே திரட்டி அவளுடைய கையில் வைத்தாள்.

"கோவமில்லையணை," என்றாள். "சாப்பிடுங்கோ. சாப்பிட்டுக்கொண்டே கதைப்பம்."